இருபது கொண்டை ஊசியும் ஒரு கார்க்கும்

"டேய்... ஃபுல் பாடின்னா என்னடா?"

காலை ஏழு மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு நிற்கிற தம்பியிடம் எந்த அக்காவும் கேட்கக்கூடாத கேள்வி. அதுவும் ஈரோட்டிலிருந்து போன் போட்டு!

"யாரோட பாடி?" என்றேன், நுரை தெறிக்க.

"உன் மருமகன் நோட்டுல எழுதி வெச்சிருக்கான். பொங்கலுக்கு வந்தவன் மறந்து போட்டுட்டுப் போயிட்டான். பக்கத்துக்குப் பக்கம் இதேதான். ஃபுல் பாடி, மீடியம் பாடி, லைட் பாடி... அப்புறம் 'கால்கள்'னு தனியா ஒரு பக்கம். நீளமான கால், மெதுவா இறங்கற கால்... இதெல்லாம் ஒரு படிப்பா?"

வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பி வைத்தாள். மணிமணியான கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் தலைப்பு. அந்தத் தலைப்பைப் பார்த்ததும்தான் அக்காவின் கவலை காலைப் பற்றியது அல்ல என்று புரிந்தது.

தலைப்பு: 'ஒயின்'.

"ஏற்கெனவே இந்த வீட்டுல ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருக்கேன். நீ நேர்ல போய்ப் பாரு. குடிக்கிறான்னு தெரிஞ்சா கையோட கூட்டிட்டு வந்துடு. படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மச்சான் போய் ஐந்து வருஷம் ஆகிறது. யாராவது கேட்டால் 'கல்லீரல்' என்று சொல்வோம். டாக்டர் சொன்ன வார்த்தை அது. அதற்கு முந்தைய வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஆக, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆபீஸ் பையிலேயே ஒரு ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டு, உளவாளியாகப் புறப்பட்டேன்.

ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம், அது ஏற்காட்டுக்குப் போகாது! சென்னை சென்ட்ரலில் கிளம்பி ஈரோட்டுக்குப் போகும். நடுவில், விடிவதற்கு வெகு முன்னாலேயே உங்களைச் சேலம் ஜங்ஷனில் உதிர்த்துவிட்டு, பேருக்குரிய மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். மிச்சத்துக்குப் பஸ்.

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அதுவரை பஸ்ஸில் எல்லோரும் சாதாரண மனிதர்கள். அதற்கப்புறம் பக்தர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், 'இன்னும் எத்தனை பாக்கி' என்று வயிற்றிடம் சமாதானம் சொல்ல வசதியாக. ஐந்தாவது வளைவில் எதிர்ஸீட் ஆசாமி எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தார். பத்தாவதில் ஜன்னல் கண்ணாடியை மூடச் சொல்லி ஒரு பாட்டி சண்டை பிடித்தார். பதினைந்தாவதில் குளிர் ஸ்வெட்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இருபதாவது தாண்டியதும் காற்றில் ஒரு வாசனை. பச்சை இலை, ஈர மண், கொஞ்சம் புளித்த பழம். ஜனவரி மாதம். எஸ்டேட்டுகளில் காபிப் பழம் பறித்து, தோல் நீக்கி, காயப்போடும் காலம்.

சேர்வராயன் மலைக்கு இந்தக் காபி தானாக வந்து சேரவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்து ஊன்றினார். வரி வசூலிக்க வந்த மனிதர் காபி வாசனையை விட்டுவிட்டுப் போனார். நம் காலத்துக் கலெக்டர்களுக்குக் குறிப்பாகச் சொல்லவில்லை; பொதுவாகச் சொன்னேன்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு. ஊட்டியின் பந்தா கிடையாது. கொடைக்கானலின் கூட்டம் கிடையாது. சேலத்துக்காரர் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, ராத்திரி வீட்டுக்கே படுக்கப் போய்விடக்கூடிய மலை. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஓட்டலின் சாப்பாட்டு ஹாலில் மருமகனைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஈரோட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் பட்டம் விட்ட பயல், கறுப்புப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டு, இடது முன்கையில் வெள்ளைத் துணியோடு நிற்கிறான். வயசு பத்தொன்பது.

"டேய்!" என்றேன் பாசத்தோடு.

"குட் ஆஃப்டர்நூன், ஸார்" என்றான் அவன்.

"ஸாரா? நான் உன் மாமாடா!"

"தெரியும் ஸார். மூணு மணிக்கு மேலதான் மாமா. இப்ப தண்ணி ஊத்தட்டுமா ஸார்?"

ஊற்றினான். வலது பக்கமாக வந்து, டம்ளரைக் கையில் எடுக்காமல், மேஜையில் இருந்தபடியே. கடைசித் துளி விரிப்பில் விழாதபடி மணிக்கட்டை லேசாக ஒரு திருப்பு. நான் அன்று சாப்பிட்டது என்ன என்று ஞாபகமில்லை. பார்த்தது எல்லாம் ஞாபகமிருக்கிறது. பக்கத்து மேஜையில் ஒரே வலது கையில் ஸ்பூனையும் முள்கரண்டியையும் இடுக்கி மாதிரிப் பிடித்து, இடது பக்கமாக நின்று, ஒரு பெரியவரின் தட்டில் பீன்ஸ் பொரியலை உதிராமல் வைத்தான். இந்த வித்தைக்குச் 'சில்வர் சர்வீஸ்' என்று பேராம். முதல் மாசம் வெறும் பட்டாணியை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தானாம். இரண்டாவது மாசம் கண்ணாடி கிளாஸ்களைச் சுடுதண்ணீர் ஆவியில் காட்டித் துடைத்தானாம். எத்தனை என்று கேட்டால், "எண்ணினா அழுகை வரும் மாமா."

இந்தப் படிப்பைப் பற்றி ஆபீஸ் நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். 'ஓட்டல் மேனேஜ்மென்ட்' என்றால் நாம் நினைப்பது டை கட்டிக்கொண்டு மேனேஜர் ஆவது. நிஜத்தில் மூணு வருஷம், நாலு துறை. சமையல், பரிமாறல், ரிசப்ஷன், அறைப் பராமரிப்பு. நடுவில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஓட்டலில் பயிற்சி. அந்தப் பயிற்சியில் நீங்கள் மாணவன் இல்லை, விருந்தாளி சொடக்குப் போட்டால் ஓடிவர வேண்டிய ஆள். சொந்தக்காரர்கள் 'படிச்சிட்டு சர்வர் வேலையா?' என்று கேட்பார்கள். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'எஸ் ஸார், எஸ் ஸார்' என்று நாள் முழுக்க பரிமாறிக்கொண்டிருக்கும் நானும் அப்படிக் கேட்டவன்தான்.

மூன்று மணிக்கு மாமா ஆனேன். ஆறு மணிவரை அவனுக்கு இடைவேளை. ஒண்டிக்கடை வழியாக ஏரிக்கரைக்கு நடந்தோம். பஜ்ஜி வாங்கினோம். நான் வாயில் போட்டேன். அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

"எண்ணெய் ரெண்டு நாள் பழசு" என்றான்.

"சாப்பிட விடுடா!"

இதுதான் சமயம் என்று உளவு வேலையை ஆரம்பித்தேன். "நோட்டைப் பார்த்தேன். ஃபுல் பாடின்னா என்ன?"

சிரித்தான். "அம்மா பார்த்துட்டாங்களா? நீர்மோர் இருக்கில்ல, அது லைட் பாடி. வீட்டு மோர் மீடியம். லஸ்ஸி ஃபுல் பாடி. நாக்குல எவ்வளவு கனமா நிக்குதுங்கறதுதான். வேற ஒண்ணும் இல்லை."

"கால்?"

"கிளாஸைச் சுத்தினா உள்பக்கக் கண்ணாடில ஒயின் கோடு கோடா வழியும். அதான் கால். ஆல்கஹால் ஜாஸ்தி இருந்தா நல்லாத் தெரியும். ஆனா அதை வெச்சு தரம் சொல்ல முடியாது. 'ஆஹா, என்ன கால்!'னு சொல்றவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்."

அக்காவின் பாதி சந்தேகம் அங்கேயே கரைந்தது. மீதிப் பாதிதானே கஷ்டம்?

ஆனால் பையன் நிறுத்தவில்லை. ரெட் ஒயினின் முக்கியமான குணம் 'டானின்'. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. புத்தகத்தில் அதற்கு முக்கால் பக்கம் விளக்கம். "எங்க வகுப்புல பாதிப் பேருக்குப் புரியலை. நான் ஒரே வார்த்தை எழுதினேன் மாமா. துவர்ப்பு! பாக்கு மென்னா கன்னம் உள்ளே இழுக்குதே, அதேதான். ஆறு சுவையில ஒண்ணா அதைச் சின்ன வயசுலயே நமக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

இப்படியே ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்தான். கார்க் மூடியில் சில சமயம் ஒரு ரசாயனம் சேர்ந்து ஒயினைக் கெடுத்துவிடும். ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் சில துளி கலந்த அளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடுமாம். அந்த நாற்றம்? "மழையில நனைஞ்ச பழைய பேப்பர் கட்டு." நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் அதன் பேர் மஸ்கட் ஹாம்பர்க். அந்தப் பன்னீர் வாசனைதான் மஸ்கட் குடும்பத்து ஒயின்களின் அடையாளம். "பேர் வெச்ச நம்மூர் விவசாயிதான் முதல் ஒயின் நிபுணர்" என்றான்.

எஸ்டேட் ஓரமாக நடந்தோம். ஸில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சரத்திலிருந்து நாலு மணியைப் பொறுக்கி, நசுக்கி, என் மூக்கில் நீட்டினான்.

"ஷிராஸ்" என்றான்.

"மிளகுடா."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ஷிராஸ் ஒயின்ல மிளகு வாசனை ஏன் வருதுன்னு ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணி 2008-ல கண்டுபிடிச்சாங்க. ரோட்டுண்டோன்னு ஒரு பொருள். மிளகுலயும் அதேதான் இருக்கு. அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது."

எங்கள் செக்‌ஷன் மேனேஜர் அந்த ஐந்தில் ஒருவர் என்று எனக்கு உடனே தோன்றியது. காரணம் கேட்காதீர்கள்.

"சரி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இவ்வளவு தெரிஞ்சிருக்கே... குடிச்சுத்தானே தெரிஞ்சுது?"

பையன் நடையை நிறுத்தவில்லை. "தமிழ்நாட்டுல 21 வயசு ஆகணும் மாமா. எனக்கு 19."

காலேஜில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கார்க்கை மறுபடி அடைத்து, திறந்து பழகுவார்களாம். ஊற்றிப் பழக, ரெட் ஒயினுக்குப் பிளாக் டீ. ஒயிட் ஒயினுக்கு அதே டீயில் தண்ணீர். ஷாம்பெயினுக்கு கோலி சோடா! இங்கே ஓட்டலில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பவர் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த மேனேஜர். விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றுவது சீனியர்கள் மட்டும். பயிற்சி மாணவர்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டும். மேஜை காலியானதும், கிளாஸைக் கழுவப் போடுவதற்கு முன்னால், முகர்ந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். "மூக்குக்கு வயசு வரம்பு இல்லைடா" என்பாராம் மேனேஜர்.

நாக்குக்கு? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார் அந்தக் கப்பல்காரர். பையன்களை ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனார். ஒயின் ருசி பார்க்கிற மாதிரியே காபியும் ருசி பார்ப்பார்கள். எட்டே கால் கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர். பால், சர்க்கரை கிடையாது. நாலு நிமிஷம் காத்திருந்து, மேலே மிதக்கும் ஏட்டை ஸ்பூனால் உடைத்து, குனிந்து முகர வேண்டும். அப்புறம் ஸ்பூனில் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி... துப்பிவிட வேண்டும்! புளிப்பு எங்கே, துவர்ப்பு எங்கே, கனம் எவ்வளவு, வாசனை எத்தனை நேரம் நிற்கிறது, எல்லாம் எழுத வேண்டும். இந்த மலைக் காபியில் பழகின நாக்கு, நாளைக்கு எந்த நாட்டு ஒயினுக்கும் தயார்.

"நம்ம வீட்டுல காபியை உறிஞ்சிக் குடிச்சா பாட்டி அடிப்பாங்களே" என்றேன்.

"இங்க உறிஞ்சலைன்னா மார்க் இல்லை."

உலகத்திலேயே கஷ்டமான ஒயின் பரீட்சையை லண்டன்காரர்கள் நடத்துகிறார்கள். 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' என்று பேர். முதல் பரீட்சை 1953-ல். அதில் பேர் மறைத்து வைத்த 36 ஒயின்களை ருசி பார்த்து, ஊர், திராட்சை, தரம் எல்லாம் எழுத வேண்டும். இந்தியாவிலிருந்து முதன்முதலில் தேறியவர் சோனல் ஹாலண்ட் என்ற பெண்மணி, 2016-ல். "36-ஐயும் முழுங்கினா பேனாவைப் பிடிக்க முடியுமா மாமா? துப்பத் தெரிஞ்சவங்கதான் பாஸ் ஆவாங்க."

சாயங்காலம் லேடீஸ் ஸீட்டுக்குப் போனோம். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் உட்கார்ந்து பொழுதைக் கழித்த பாறையாம். கீழே சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. யாரோ கருகமணி மாலையை அவிழ்த்துக் கொட்டி, அதில் தீ வைத்த மாதிரி. பக்கத்தில் ஒரு குடும்பம் தட்டுவடை செட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு விஷயம் சட்டென்று உறைத்தது. அந்தச் சேலம்! 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது இந்த ஜில்லாவில்தான். அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், முனிசிபல் சேர்மனாக இருந்த ஊர். கள்ளுக்கடை போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க, 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். நம் ஓட்டல் பில்லின் அடியில் இன்றைக்கு வருகிற வரிகளுக்கெல்லாம் அதுதான் தாத்தா. அப்புறம் 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. மச்சான் வழக்கமாக நின்ற கடையும் அதில் ஒன்று.

"இந்த ஊர்ல இருந்துகிட்டு இதைப் படிக்கிறியேடா" என்றேன்.

பையனுக்குக் கோபம் வரவில்லை. "புறநானூறு 56 தெரியுமா மாமா?" என்றான். எனக்கு ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் நம்பர் தவிர வேறு நம்பர் தெரியாது. யவனர்கள் கொண்டுவந்த மதுவைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித்தர, பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்கட்டும் என்று நக்கீரர் அதில் வாழ்த்துகிறார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது, அந்த யவன ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. "இதெல்லாம் எங்க மேனேஜர் சொன்னது. இன்னொண்ணும் சொன்னார். வள்ளுவர் விருந்தோம்பலை 9-வது அதிகாரமா வெச்சார். கள்ளுண்ணாமையை 93-வது அதிகாரமா வெச்சார். 'நம்ம தொழில் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ரெண்டுல எதை மறந்தாலும் நீ உருப்பட மாட்டே'ன்னார்."

நல்ல வசனம்தான். ஆனால் அக்காவிடம் வசனம் எடுபடாது. எனக்கு ஆதாரம் வேண்டும்.

அது ராத்திரி சாப்பாட்டின்போது வந்தது.

என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி ஒரு குடும்பம். முப்பத்தைந்து வயசுக்காரர், மனைவி, இரண்டு குழந்தைகள். பிரமோஷனாம். ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார். ரெட் ஒயின் ஒரு பாட்டில் வந்தது. சீனியர் முதலில் லேபிளைக் காட்டினார். 1882-ல் ஒரு ஜெர்மன்காரர் காப்புரிமை வாங்கிய அந்த மடக்குத் திருகியால் கார்க்கை ஓசையில்லாமல் எடுத்தார். ஒரு வாய் மட்டும் ஊற்றிக் காத்திருந்தார். முறைப்படி, ஆர்டர் செய்தவர் ருசி பார்த்துத் தலையாட்டினால் முதலில் பெண்களுக்கு, அப்புறம் ஆண்களுக்கு, கடைசியாகத்தான் அவருக்கு. நம் கல்யாணப் பந்தியில் பெண்ணைப் பெற்றவர் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி. இங்கே அந்த வரிசைக்கு வேலையில்லை. மனைவி எலுமிச்சை ஜூஸ். பாட்டில் முழுக்க அவருக்கே.

750 மில்லி பாட்டில். 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். ஐந்தும் இறங்கியது. குரல் ஏறியது. "இன்னொண்ணு கொண்டா!" என்றார் சொடக்குப் போட்டு.

சீனியர் வேறு மேஜையில். பக்கத்தில் இருந்தவன் என் மருமகன். "எஸ் ஸார்" என்று உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் பாட்டில் இல்லை. ஒரு ஜக் தண்ணீர், குழந்தைகளுக்குச் சூடான சூப், அவருக்கு ஒரு தட்டில் ஏதோ வறுவல்.

"டேய், நான் கேட்டது என்ன, நீ கொண்டாந்தது என்ன? சர்வர் பயலுக்குக் காதும் கேட்காதா?"

ஹால் திரும்பிப் பார்த்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பையன் என்னைப் பார்த்துக் கண்ணால் 'உட்காருங்க' என்றான். கைகளைப் பின்னால் கட்டி, "ஸாரி ஸார்" என்றான். அதற்குள் கப்பல்கார மேனேஜர் வந்துவிட்டார். அந்த ஆளின் தோளுக்கு அருகே குனிந்து, மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கேட்காத குரலில் ஏதோ பேசினார். இரண்டு நிமிஷம். ஆசாமி முறைத்தார். பிறகு சிரித்தார். பிறகு மேஜை மேலிருந்த ஒரு பொருளை எடுத்து மேனேஜர் கையில் வைத்தார்.

கார் சாவி!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேலத்துக்காரர்கள். ராத்திரியே வீட்டுக்குத் திரும்பும் உத்தேசம். வெளியே பனிமூட்டம். கீழே இருபது கொண்டை ஊசி. பின் ஸீட்டில் தூங்கப்போகிற இரண்டு குழந்தைகள். வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது சட்டம். அவர் அந்தக் கோட்டை மூன்றாவது கிளாஸுக்குள்ளேயே தாண்டியிருப்பார். ஓட்டல் டிரைவர் ஒருவர் அவர்கள் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஏறும்போது அந்த அம்மாள் மட்டும் திரும்பி, என் மருமகனைத் தேடிப் பார்த்து, "வர்றேன் தம்பி" என்றார். 'தேங்க்ஸ்' என்பதைவிடக் கனமாக இருந்தது அது. ஃபுல் பாடி!

பதினொன்றரை மணிக்கு, ஊழியர் வாசலில், கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"சாவி மேஜை மேல இருந்துச்சு மாமா. ரூம் சாவி இல்லை, கார் சாவி. நாலாவது கிளாஸ்லயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவர்தான் தண்ணியும் சாப்பாடும் முதல்ல வைக்கச் சொன்னார். பொண்டாட்டி, பிள்ளைங்க முன்னால 'போதும்'னு சொல்லக்கூடாது. மானம் போச்சுன்னு இன்னும் ரெண்டு கேப்பாங்க. தனியா, காதுகிட்ட சொல்லணும். இது சிலபஸ்லயும் இருக்கு."

"உன்னைப் பயலேன்னு சொன்னானேடா..."

"சொல்லட்டும். நாளைக்குக் காலைல அவருக்கு ஞாபகமே இருக்காது." கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தபடி நின்றான். "ஊத்தறதுக்கு மூணு மாசத்துல கத்துக்கலாம் மாமா. நிறுத்தறதுக்குத்தான் படிக்கணும். அப்பாவுக்கு ஊத்தினவங்க எத்தனை பேர் இருப்பாங்க? ஒருத்தராவது, ஒரே ஒரு நாள், 'போதும் ஸார், வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. தோளில் கை போட்டேன். சட்டையில் ஒயின் வாசனை இல்லை. சோப்பும், வெங்காயமும், கொஞ்சம் மிளகும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றான். "21 ஆனப்புறம் நான் வாயில வெச்சுத்தான் ஆகணும். துப்பிடுவேன். ஆனா வெக்கணும். அதை நீங்க சொல்லாதீங்க. அம்மாகிட்ட நானே சொல்றேன்."

மறுநாள் கால் கிலோ ஏற்காட்டுக் காபித்தூள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணிய இருபது வளைவுகளையும், இறங்கும்போது வேறு மாதிரி எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கார் நினைவு வந்தது.

நேராக ஈரோடு. அக்கா வாசலிலேயே நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் சொல்ல வேண்டியது ஒன்றைத் தவிர.

"காபியைக் குடிக்காம துப்பறானா? துப்பறதுக்கு எதுக்குடா பீஸ் கட்டணும்?" என்றாள். காபித்தூள் பொட்டலத்தைப் பிரித்து, பழக்கமில்லாத மாதிரி ஒரு தடவை ஆழமாக முகர்ந்து பார்த்தாள். அப்புறம் பில்டரில் வெந்நீரை ஊற்றினாள். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிற வரை பேசவே இல்லை.

"அந்த ஆள்கிட்ட போதும்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"கேட்டுக்கிட்டானா?"

"கேட்டுக்கிட்டான். சாவியைக் குடுத்துட்டான்."

அக்கா போட்டோவைப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்தாள். அந்த நோட்டை எடுத்தாள். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு ஒட்டுகிற மாதிரி லேபிள் ஒட்டி, அவன் பேரை அவள் கையாலேயே எழுதியிருந்தாள். நான் வருவதற்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்; மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"நோட்டு இல்லாம பரீட்சைக்கு எப்படிப் படிப்பான்? முக்குல கூரியர் ஆபீஸ் இருக்கு, ஒரு மணிக்குள்ள போட்டுட்டு வா" என்றாள். "காபியைக் குடிச்சிட்டுப் போ. உறிஞ்சாதே!"